வீட்டின் அளவும் நீதியின் அளவுகோலும்

பெரிய வீடு சிக்கனமானதா, சிறிய வீடு சிக்கனமானதா என்ற வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்குக் கட்டடக் கலைஞரின் கணக்காகவே தோன்றும். ஆயின், அக்கணக்கின் அடியில் அறவியல் வினா ஒன்று மறைந்து கிடக்கின்றது.

20 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட வீட்டின் பரப்பு 400 சதுர அடி. அதன் புறச்சுவரின் நீளம் 80 அடி. பக்கங்களை இரட்டித்தால் பரப்பு 1,600 சதுர அடியாக நான்கு மடங்கு பெருகும். புறச்சுவரோ 160 அடியாக இரு மடங்கே பெருகும். சதுர அடியொன்றுக்கு வேண்டிய புறச்சுவர் பாதியாகின்றது. சமையலறை, கிணறு, மலசலகூடம் ஆகியவற்றின் செலவும் கூடிய பரப்பின்மீது பங்கிடப்படுகின்றது. எனவே, சதுர அடிக்கான செலவை மட்டும் நோக்கின் பெரிய வீடே சிக்கனமானது.

இவ்விரு வீடுகளிலும் நால்வரே வாழ்வதாகக் கொள்வோம். முன்னதில் ஆளுக்கு 20 அடிச் சுவர். பின்னதில் 40 அடிச் சுவர். எமது வெப்ப நாட்டில் வெயிலின் பெரும்பகுதியை ஏற்பது கூரை. அதுவோ ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது. அதன்கீழுள்ள அறைகள் அனைத்தையும் இயந்திரத்தாற் குளிரூட்ட முனையின் மின்செலவும் உயரும். உண்மை ஒன்றே, தீர்ப்புகள் இரண்டு. எதனால் வகுப்பது என்பதைக் கணிதம் கற்பிப்பதில்லை. சதுர அடியால் வகுப்பவர் வீட்டை முதன்மைப்படுத்துகின்றார். ஆளால் வகுப்பவர் வாழ்வோரை முதன்மைப்படுத்துகின்றார்.

தன் பணத்தில் ஒருவர் கட்டுவதைப் பிறர் வினவலாமா என்பர் சிலர். பணம் தனியுடைமையாகலாம், மின்சாரத்தைப் பிறப்பிக்கும் நீரும் எரிபொருளும் பொதுவானவை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியபோது, இப்பொதுமையை நாடு முழுவதும் உணர்ந்தது. ஒருவரின் மிகை நுகர்வு இன்னொருவரின் இருளாகவும் மாறக்கூடும்.

அவ்வாறாயின் சிறுமையே அறமா? அன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு பெரியதே. எனினும் அதில் கூட்டுக்குடும்பம் வாழ்ந்தது, நடுமுற்றம் ஒளியையும் காற்றையும் செலவின்றி வழங்கியது. மறுபுறம், போரின் பின் வடக்கு, கிழக்கில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகளுக்குக் குடும்பமொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடியேயாயினும், கட்டி முடிக்கப் பல குடும்பங்கள் கடன்பட்டன. 2016 இல் அப்பகுதிகளுக்கென 65,000 இரும்பு வீடுகள் முன்மொழியப்பட்டபோது, அவை வெப்பத்துக்கு ஒவ்வாதவை, செலவு மிக்கவை என எதிர்ப்பு எழுந்தது. அளவிற் சிறியதாயிருந்தமையால் மட்டும் ஒரு வீடு சிக்கனமானதாகிவிடாது என்பதை அவ்விவாதம் உணர்த்திற்று.

நடுநிலை என்பது பொருளில் இல்லை, மனிதரைச் சார்ந்தே உள்ளது என்றார் அரிஸ்ரோட்டில். மல்லன் மைலோவுக்குப் போதாத உணவு, பயிற்சியைத் தொடங்குபவனுக்கு மிகையாகும் என்பது அவர் காட்டிய உதாரணம். வீட்டுக்கும் இது பொருந்தும். அறுவர் வாழும் 1,000 சதுர அடி நெருக்கடியாகலாம். இருவர் வாழும் அதே பரப்பு மிகையாகலாம்.

ஆயினும், போதும் என்று சொல்லும் உரிமை எவருக்கு உண்டு? குளிரூட்டிய மாடியில் இருந்துகொண்டு, ஓலைக் குடிசையில் வாழ்பவருக்குச் சிக்கனத்தைப் போதிப்பது அறமாகாது. அவருக்கு வேண்டியது இன்னும் ஓர் அறை. அவ்வறைக்கான சீமெந்தும் மின்சாரமும் எங்கிருந்தேனும் வரவேண்டும். ஆதலின் போதும் என்ற சொல், முதலில் மிகையாக உடையவரின் வாயிலிருந்தே பிறத்தல் வேண்டும்.