12 வாரம் பொறுத்தது போதும்!

"எனக்கு டஸ்ட் அலர்ஜி." எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? யார் பரிசோதித்துச் சொன்னார்கள்? ஏதோ ஒரு மழைக்காலத்தில் மூக்கடைத்தது, மெடிக்கல் ஷாப்பில் செட்ரிசின் கொடுத்தார்கள், அன்றிலிருந்து நீங்கள் அலர்ஜிக்காரர்! காலையில் பாறையாய்க் கனக்கும் தலை, மதியம் சொருகும் கண். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். நீங்களும் அதை நம்பிவிட்டீர்கள். நம்பாதீர்கள்! உங்களுக்கு வந்திருப்பது நோய். அதற்குச் சிகிச்சை உண்டு.

முதலில் உங்கள் மூக்கைக் கவனியுங்கள். அலர்ஜி என்றால் பெரும்பாலும் அடுக்குத் தும்மல் வரும், மூக்கும் கண்ணும் அரிக்கும், தண்ணீராய் ஒழுகும். அரிப்பே இல்லாமல் கெட்டியான மஞ்சள் சளி தொண்டைக்குள் இறங்குகிறதா? குனிந்து செருப்பு மாட்டும்போது கன்னமும் புருவ மேடும் கனக்கிறதா? நீங்கள் தாளிக்கும் பெருங்காயம் பக்கத்து வீட்டுக்கு மணக்கிறது, அடுப்படியில் நிற்கும் உங்களுக்கு மணக்கவில்லையா? இவை 12 வாரத்தைத் தாண்டி நீடித்தால் நாள்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அதனால் ஊகத்தை விடுங்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். போய், "சளி டாக்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு வராதீர்கள். எத்தனை மாதமாக, எந்தப் பக்கம், என்ன நிறம், வாசனை தெரிகிறதா... எல்லாவற்றையும் எழுதி எடுத்துப்போங்கள். "உள்ளே பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று நிமிர்ந்து கேளுங்கள். அது எதிர்த்துப் பேசுவதல்ல, உங்கள் உரிமை! சீழ் வடிகிறதா, சதை வளர்ந்திருக்கிறதா என்பதை மெல்லிய எண்டோஸ்கோப் சில நிமிடங்களில் காட்டிவிடும். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால், மேல் கடைவாய்ப் பல்லின் வேரில்கூடக் கோளாறு இருக்கலாம்.

சிகிச்சைக்கு உங்கள் பிடிவாதம் வேண்டும். உப்புநீரால் தினமும் மூக்கைக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில்தான், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வாரக்கணக்கில்தான் வேலை செய்யும். நாலு நாளில் தூக்கிப் போடாதீர்கள். சட்டென்று அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தையோ ஒரு வாரத்துக்கு மேல் தொடராதீர்கள், அதுவே அடைப்பை வளர்க்கும்.

இவற்றுக்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை. பயமா? சைனஸில் ஊறும் சளி தனக்கென்று உள்ள வழியில்தான் வெளியேறுகிறது என்பதை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து மருத்துவர் மெசர்கிளிங்கர் எண்டோஸ்கோப்பில் வருடக்கணக்காகப் பார்த்துப் பதிவு செய்தார். அந்த அறிவின் மேல் எழுந்ததுதான் இன்றைய முறை. முகத்தில் கத்தி படாமல், மூக்குத் துவாரம் வழியாகவே அடைபட்ட வாயிலைத் திறக்கிறார்கள். அதற்குப் பிறகும் மூக்கைக் கழுவத்தான் வேண்டும், கழுவுங்கள்!

கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் வீட்டில் இருப்பவர்களை எழுப்பி, அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.