ஊத்து

தனுஷ்கோடியில், சிதைந்த தேவாலயத்துக்கு அப்பால், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஓர் அம்மா குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். இடுப்பளவு ஆழம்கூட இல்லாத மணல் குழி. அடியில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர். மணல் கலங்காமல் சிரட்டையைச் சாய்த்து மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். நாலைந்து சிரட்டையில் குழி வற்றிவிடுகிறது. உடனே விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறார். நீர் ஊறியதும் மறுபடி குனிகிறார்.

என் கையிலும் ஒரு சிரட்டை ஊற்றினார். குடித்துப் பார்த்தேன். உப்பே இல்லை.

"இன்னும் ரெண்டு முழம் தோண்டிட்டா குடம் ஒரேயடியா நிறைஞ்சிருமேம்மா?"

"ஆழத் தோண்டுனா உப்புத்தண்ணி வந்துரும் தம்பி. இது ஊத்து. ஊற ஊறத்தான் எடுக்கணும்."

அப்பா பக்கவாதத்தில் விழுந்து அது மூன்றாவது வருடம். சித்தி இரண்டு நாள் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றதால் ராமேஸ்வரம் போயிருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு வாக்கியத்தையும் கொண்டுவருவார்கள்: "மனசைத் திடப்படுத்திக்க." எப்படி என்று யாரும் சொன்னதில்லை. திடம் என்பது பாறை போல ஒன்று, சிலர் அதோடு பிறக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்குள் அப்படி எதுவும் இல்லை என்பதுதான் நான் யாரிடமும் சொல்லாத பயம்.

பாறை போல நின்றவை என்ன ஆயின என்பதற்குத் தனுஷ்கோடியே சாட்சி. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், தலைமன்னாருக்குக் கப்பல் என்று பரபரப்பாக இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் இருபது அடிக்கு மேல் எழுந்த கடல் அதை வழித்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு வந்த 653ஆம் எண் பயணிகள் ரயிலில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். பவளக்கல் சுவர்கள் இடிந்து கிடக்கும் இடத்தில் இன்று நிற்பவை ஓலைக் குடிசைகள். காற்று கொண்டுபோனால் மறுபடி வேய்ந்துகொள்ளலாம்.

இரண்டு பக்கமும் கடல் இருக்க நடுவில் நல்ல தண்ணீர் எப்படி? மணலில் இறங்கும் மழைநீர் கீழே இருக்கும் உப்புநீரோடு சட்டென்று கலந்துவிடுவதில்லை. கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 25 கிராம் கனம் கூடியது. அந்தச் சின்ன வித்தியாசத்தில் நல்ல நீர் மேலே ஒரு படலமாக மிதக்கிறது. மேலாக எடுத்தால் குடிநீர், பேராசைப்பட்டுத் தோண்டினால் கரிப்பு.

ராத்திரிகளில் நானும் தோண்டிக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் எத்தனை வருடம்? கடைசிவரை என்னால் முடியுமா? எனக்கு மட்டும் ஏன் இப்படி? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முழம் கூடுதல் ஆழம். அடியில் கிடைத்ததெல்லாம் கரிப்பு. ஒரு வருடத்துக்கான தெம்பை ஒரே ராத்திரியில் இறைத்துவிடப் பார்த்திருக்கிறேன். அடுத்த சிரட்டைக்குக் காத்திருக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் கடக்கும் பலமும் உண்டு. அதே புயல் பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126ஐக் கடலுக்குள் தள்ளியது. சீரமைக்க ஆறு மாதம் என்று கணக்கிட்டு, பிறகு அதை மூன்றாகக் குறைத்தார்கள். 32 வயது பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் காட்டினார். சாதனைதான். ஆனால் விழுந்த கர்டர்களை எண்ணிவிடலாம், கடைசி கர்டர் என்று ஒன்று உண்டு. தீராத நோய், அடைபடாத கடன், திரும்பி வராத மகன் இவற்றில் கடைசி கர்டர் எது? முடிவு தெரிந்த துன்பத்துக்குப் பாய்ச்சல் போதும். முடிவு தெரியாததற்கு ஊத்துதான்.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களும் இந்தக் கணக்கு அறிந்தவர்கள். பாறை கிழிக்காதிருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிறார்கள். ஒரு மூச்சுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு. பிறகு மேலே வந்துவிட வேண்டும். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று அவர்களே வரம்பு வைத்துக்கொண்டதும், மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்றுதான். எடுப்பதைப் போலவே விட்டுவைப்பதும் அவர்கள் தொழிலில் சேர்த்தி.

இதை எழுதும்போது ஒரு கூச்சமும் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளிக்கிற நான், குழியில் மொள்கிறவரின் பொறுமையைப் பாடமாக எடுத்துக்கொண்டு வருவது எளிது. அவருக்கு ஒரு குழாய் வரவேண்டும். அவர் தாங்கிக்கொள்கிறார் என்பது அது வராமலிருப்பதற்குச் சமாதானம் ஆகாது. தாங்கும் பலத்தைப் புகழ்கிறவர்கள் பாரத்தில் ஒரு முனையையாவது பிடிக்க வேண்டும். சித்தி வந்த அந்த இரண்டு நாள், எனக்குக் கிடைத்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாவற்றையும்விடக் கனமானது.

படுக்கைப் புண் வராமலிருக்க அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஊர் திரும்பிய அன்றிரவும் இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. வலது பக்கம் திருப்பி, முதுகில் பவுடர் தட்டி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தேன். அப்பா என் மணிக்கட்டை ஒருமுறை பிடித்து விட்டார். வழக்கமாக அதன் பிறகு விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவேன். அன்று அலாரத்தை நாலு மணிக்கு வைத்துவிட்டுத் தூங்கினேன்.