படித்த அரசனின் பழி

கொடிப் பந்தலின் கீழ் அரசன் சாய்ந்து படுத்திருக்கிறான். எதிரே அரசி லிப்பாலி-சர்ரத் கையில் கிண்ணத்துடன் அமர்ந்திருக்கிறாள். பணியாளர்கள் விசிறுகிறார்கள், யாழ் ஒலிக்கிறது. சற்றுத் தள்ளி நிற்கும் மரத்தின் கிளையில் அறுபட்ட தலை ஒன்று தொங்குகிறது. ஈலாம் நாட்டு அரசன் தெயும்மானின் தலை அது. கி.மு. 653-ஐ ஒட்டி நடந்த தில்-தூபா போரில் வெட்டப்பட்டது. அசீரியத் தலைநகர் நினிவேயின் அரண்மனைச் சுவரில் இருந்த இந்தப் புடைப்புச் சிற்பம் இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படுத்திருப்பவன் அசீரியப் பேரரசன் அசூர்பனிபால். உலகம் அவனை நினைவில் வைத்திருப்பது அந்தத் தலைக்காக அல்ல, நூலகத்துக்காக.

அந்த நூலகத்தின் எச்சமாக 30,000-க்கும் மேற்பட்ட களிமண் பலகைகளும் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. வானியல், மருத்துவம், மந்திரம், நிமித்தம், காவியம் என்று மெசப்பொத்தேமியா இரண்டாயிரம் ஆண்டுகளில் சேர்த்த அறிவில் பெரும்பங்கு அவற்றில் இருக்கிறது. 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் அவற்றிலொன்றில் பெருவெள்ளக் கதையைப் படித்தறிந்தபோதுதான் கில்கமேஷ் காவியம் உலகத்தின் கவனத்துக்கு வந்தது. அந்தப் பலகைகள் இல்லாவிட்டால் மனிதகுலம் தன் இளமைக் காலத்தைப் பற்றி அறிந்தது எவ்வளவோ குறைந்திருக்கும். இவ்வளவு பெரிய கொடை, கொடுத்தவனின் கொடுமைக்கு ஈடாகுமா?

ஈடாகும் என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் எழுதும் முறையிலேயே பலர் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். 'கொடூரமானவன்தான், ஆனாலும் கல்விமான்' என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்த 'ஆனாலும்' ஒரு தராசைத் தூக்கிவிடுகிறது. ஒரு தட்டில் பிணங்கள், மறு தட்டில் பலகைகள். இந்தத் தராசே பிழையானது. இரண்டும் இரு வேறு செயல்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பாபிலோனை ஆண்டவன் அசூர்பனிபாலின் சொந்த அண்ணன் சமாஷ்-சும்-உகின். அவன் கிளர்ந்தெழுந்ததும் அசீரியப் படை நகரை முற்றுகையிட்டது. முற்றுகை நீண்டது. பசி தாங்காமல் பெற்ற பிள்ளைகளின் சதையை மக்கள் தின்றார்கள் என்று அசூர்பனிபாலின் கல்வெட்டுகளே பெருமையோடு சொல்கின்றன. வெற்றி முழக்கத்தில் மிகை கலந்திருக்கலாம். ஆனால் அதை மிகைப்படுத்திச் சொல்லத் தகுந்த பெருமையாக ஓர் அரசன் கருதினான் என்பதில் மிகை இல்லை. கி.மு. 648-இல் பாபிலோன் விழுந்தது. அதை அடுத்து, கி.மு. 647-இல், நினிவே நூலகக் கணக்கில் ஏறத்தாழ 2,000 களிமண் பலகைகளும் மெழுகு பூசிய 300 எழுத்துப் பலகைகளும் புதிதாக வரவு வைக்கப்பட்டன. அவற்றில் பல பாபிலோனியப் புலமையாளர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. முற்றுகையும் நூலகமும் தனித்தனிக் கதைகள் அல்ல. போரின் கொள்ளைப் பட்டியலிலேயே நூல்களும் இருந்தன.

அந்தக் காலத்து அரசர்கள் எல்லாரும் அப்படித்தான், இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பது நியாயம். அவனுடைய அளவுகோலாலேயே அளப்போம். கி.மு. 647-ஐ ஒட்டி அவன் ஈலாமின் தலைநகர் சூசாவை அழித்தான். கோயில் கோபுரத்தை இடித்தான். அரசர்களின் கல்லறைகளைத் திறந்து எலும்புகளை வெயிலில் போட்டான். அந்த ஆவிகளுக்கு இனி ஓய்வில்லை, படையலும் இல்லை, நீர்க்கடனும் இல்லை என்று எழுதி வைத்தான். நிலத்தில் உப்பைத் தூவினான். வேறோர் எதிரியின் மகன்களை, நினிவேயின் வாயிலில், தம் தந்தையின் எலும்புகளைத் தாங்களே அரைக்க வைத்தான். அதையும் சிற்பமாகச் செதுக்கினார்கள்.

இறந்தோருக்குப் படையல் வேண்டும் என்று நம்பாதவனுக்கு எலும்பு வெறும் எலும்பு. அசூர்பனிபால் நம்பியவன். ஒரு மக்களின் நினைவை அறுப்பது அவர்களை இரண்டாம் முறை கொல்வது என்று அவனுக்குத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய எழுத்துகளையும் தன்னால் படிக்க முடியும் என்று பெருமை கொண்டவன் அவன். சிங்க வேட்டைச் சிற்பத்தில்கூட அவன் இடைவாரில் எழுத்தாணி செருகியிருக்கிறது. பழமையின் மதிப்பு அறியாத முரடன் ஒருவன் கல்லறையை இடித்தால் அது அறியாமை. அறிந்தவன் இடிக்கும்போது, அவனுடைய கல்வி குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. நூலகத்தை அவனுக்குச் சாதகமான சாட்சியாக நிறுத்துவோர் இதைக் கவனிப்பதில்லை. அது அவனுக்கு எதிரான சாட்சி.

அவன் நூல்களைச் சேர்த்தது உலகுக்காகவும் அல்ல. பாபிலோனிய நகரான போர்சிப்பாவுக்கு அனுப்பிய அரச ஆணையில், அசீரியாவில் இல்லாத அரிய பலகைகளைத் தேடிப் பிடித்து அனுப்பச் சொல்கிறான். அதில் கேட்கப்பட்டவை பெரும்பாலும் சடங்கு நூல்கள், அரசனின் உயிரையும் அரியணையையும் காப்பவை. அவை இன்று நம் கைக்கு வந்ததற்கும் அவன் காரணமல்ல. கி.மு. 612-இல் மீடியரும் பாபிலோனியரும் நினிவேயை எரித்தபோது மெழுகுப் பலகைகள் அழிந்தன. களிமண் பலகைகள் பலவும் அந்த நெருப்பில் வெந்து இறுகின. அவன் பேரரசை அழித்த தீயே அவற்றைக் காத்தது. பிறகு 1853-இல் அவனுடைய அரண்மனையைத் தோண்டி வெளிக்கொணர்ந்தவர், ஆற்றின் எதிர்க்கரையிலிருக்கும் மோசுல் நகரில் பிறந்த ஹோர்முஸ்த் ரசாம்.

அப்படியானால் நன்றியே வேண்டாமா? வேண்டும், மிகுதியாகவே வேண்டும். ஆனால் உரியவருக்குப் போக வேண்டும். நூலகத்தின் பதிவுகளுக்கிடையே ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. நிப்பூர் ஆளுநரின் மகன் நினுர்தா-கிமில்லி, தனக்கு இட்ட எழுத்துப் பணியை முடித்துவிட்டார். அவர் விலங்கிடப்பட்டிருக்கிறார். இப்போதைக்கு அவருக்கு வேலை எதுவும் இல்லை. அவர் படியெடுத்த பலகைகள் எவை என்று அந்தக் குறிப்பில் இல்லை. நாம் வாசிக்கும் ஏதோ ஒரு பலகையின் ஆப்பெழுத்து அவர் கையால் பதிந்ததாக இருக்கலாம். ஆனால் அந்த நூல்தொகுதியை உலகம் இன்றும் அசூர்பனிபாலின் நூலகம் என்றே அழைக்கிறது.