குறை தெரிந்த பின்

ஒருவர் தம் உயிரைக் காத்துக்கொள்வதற்கென்று முறையான உரிமம் பெற்றுப் புதிய கைத்துப்பாக்கி ஒன்றை வாங்குகிறார் என்று கொள்வோம். சில நாள்களிலேயே அது குறையுள்ளது, தமக்கே ஆபத்தானது எனக் கண்டுகொள்கிறார். காவலுக்கென வாங்கியதே கண்டமாகிவிட்டது. இனி அவர் என்ன செய்ய வேண்டும்?

இது வெறும் கற்பனையன்று. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி, சில கோணங்களில் கீழே விழுந்தால் தானே வெடிக்கக்கூடும் என்பது 2017இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், விற்ற துப்பாக்கிகளைக் கட்டணமின்றித் திருத்தித்தர நிறுவனம் முன்வந்தது. அமெரிக்காவில் குறையுள்ள பொம்மையைத் திரும்பப்பெறச் செய்யும் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு, துப்பாக்கியின்மீது அந்த அதிகாரம் இல்லை. எனவே அத்தகைய துப்பாக்கியைத் திருத்துவதா, பிறர் தலையில் கட்டுவதா என்பது பெரிதும் அதை வைத்திருப்பவரின் மனச்சான்றையே பொறுத்தது.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மக்களாகிய நமக்குக் கைத்துப்பாக்கியோடு என்ன உறவு என்று கேட்கலாம். அண்மையில் விவசாயி ஒருவர் நம்மிடம் வந்தார். சின்ன வெங்காயம் விற்ற பணத்தில், 35,000 ரூபாய்க்குப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். அதன் சேசிஸில் விரிசல் கண்டு, பற்றவைத்து, வர்ணம் பூசி மறைத்திருந்ததை மெக்கானிக் காட்டிக்கொடுத்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில் அது எப்போது முறியும் என்று சொல்ல இயலாது. விற்றவரோ பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டார். "நானும் யாருக்காவது தள்ளிவிடட்டுமா, சாமி? நான் மட்டும் ஏன் நட்டப்படணும்?" என்றார் அவர்.

அத்துப்பாக்கியும் இவ்வண்டியும் எழுப்பும் கேள்வி ஒன்றே. புனித தாமஸ் அக்குவினார் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில் இதை ஆராய்கிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது எவருக்கும் தெரியும். விலையைத் தக்கபடி குறைத்தால் விற்பவர் அதைச் சொல்லாவிடினும் குற்றமில்லை. ஆனால் இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியானதென்று விற்பது ஏமாற்று. ஆபத்து விளைக்கும் மறைவான குறையை அவர் சொல்லியே ஆக வேண்டும். பொருளின் நட்டத்தை விலைக்குறைப்பு ஈடுசெய்யும். அறியாதவர் உயிருக்கு எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது.

விடுதலைப் பயணம் 21ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. மாடு முதன்முறை முட்டிக் கொன்றால் உரிமையாளர் குற்றமற்றவர். அது முட்டும் மாடென்று எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதவரோ அச்சாவுக்குப் பொறுப்பாளி. மாட்டின் கொம்பில் மாற்றமில்லை. உரிமையாளரின் அறிவில்தான் மாற்றம். குறை தெரியாதவரை நாம் ஏமாந்தவர்கள். தெரிந்தபின் மறைத்து விற்றால், நம்மை ஏமாற்றியவரின் இடத்தில் நாமே அமர்ந்துவிடுகிறோம்.

அவ்வாறாயின் அந்த ஏழையின் நட்டத்துக்கு யார் பொறுப்பு? விற்றவரிடம் வழக்காடிக் கேட்க அவருக்கு உரிமையுண்டு. அது கைகூடாவிடினும், மூன்றாமவரிடம் அதை வசூலிக்க அவருக்கு உரிமையில்லை. இதையே சொல்லி அனுப்பினோம். அவரும் மறுபேச்சின்றிப் போய், சேசிஸை அறுத்து, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

அதை அறிந்த அன்றுதான் வேறொன்று நம் நெஞ்சை உறுத்தியது. சரியான விடை சொல்ல நமக்கு எதுவும் செலவாகவில்லை. அதன்படி நடக்க அவருக்கு ஒரு பருவத்தின் உழைப்பே செலவாயிற்று. அவருடைய சுமையில் ஒரு பங்கையேனும் ஏற்க நாமோ நம் பங்குமக்களோ எண்ணவில்லை. நேர்மையாக இருக்கும்படி ஏழையிடம் கேட்கும் திருச்சபை, அந்நேர்மையின் விலையைத் தானும் பகிர்ந்துகொள்ள வேண்டாமா?