கூரை ஒன்று, அளவை பல

ஆராய்ச்சிகள் பெருகிப் பெருகி என்றாவது ஒருநாள் முழு உண்மையாகத் திரண்டுவிடுமா? சைவ சித்தாந்தம் கற்பித்தே காலத்தைக் கழித்த எனக்கு, ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கேள்வி பெரிதாகிவிட்டது. பல்கலைக்கழகம் ஒன்றில் எல்லாத் துறை ஆய்வு மாணவர்களும் சேர்ந்து பேசும் கூட்டத்துக்கு என்னையும் அழைப்பார்கள். ஒருவர் கான்கிரீட் பற்றிப் பேசுவார், அடுத்தவர் நகரத்து வெக்கை பற்றி, அதற்கடுத்தவர் பத்திரிகைச் சட்டம் பற்றி. அவரவர் முறை முடிந்ததும் அவரவர் கிளம்பிவிடுவார்கள். ஒருவர் பேச்சுக்கும் மற்றவர் பேச்சுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏன் என்று சொல்ல மணிமேகலைக் காப்பியத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் கண்டு கேள்வி கேட்கிறாள். முதலில் பேசுகிற அளவைவாதி, கடவுளைப் பற்றித் தொடங்குவதில்லை. ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறான். அப்படி அறியும் வழிகளே அளவைகள். வியாசர் பத்து அளவைகள் என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என்று கணக்குச் சொல்கிறான். பின்னால் அவளுடைய பௌத்த ஆசான் அறவண அடிகள் பௌத்தருக்கு இரண்டே போதும் என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், எத்தனை அளவைகளை எண்ணினாலும் அவை காண்டல் (நேரே அறிவது), கருதல் (ஒன்றைக் கொண்டு இன்னொன்றை ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க சொல்லால் அறிவது) என்ற மூன்றில் அடங்கும் என்று முடிவு சொன்னார். நம் முன்னோர் எந்த முடிவைச் சொல்லும் முன்பும் அதை எந்த அளவையால் அறிந்தோம் என்று சொல்லக் கடமைப்பட்டிருந்தார்கள். அந்தக் கடமை இன்றைய ஆய்வாளருக்கும் உண்டு.

ஒரு கூரையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல்தளத்துக் கான்கிரீட் கூரை. மே மாதம். கீழே ஒரு குடும்பம்.

இந்தக் கூரை தாங்கும் என்று பொறியாளர் எப்படி அறிகிறார்? கூரை போடும்போதே அந்தக் கலவையில் கொஞ்சம் எடுத்து 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் வார்க்கிறார்கள். 28 நாள் நீரில் பதப்படுத்தி, பிறகு எந்திரத்தில் வைத்து நொறுக்குகிறார்கள். கியூப் டெஸ்ட் என்பது இதுதான். நொறுங்கிய கட்டியைக் கொண்டு நிற்கிற கூரையை அறிவது: தூய கருதல் அளவை. எம்-20 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை. ஆனால் சோதனை முடிவுகளில் நூற்றுக்கு ஐந்து அதற்குக் கீழே போகலாம் என்று அந்த வரையறையே இடம் கொடுக்கிறது. ஆகவே வடிவமைக்கும்போது அந்த வலிமையை 1.5-ஆல் வகுத்துக் குறைத்தே கணக்கில் எடுக்கிறார்கள். தன் அறியாமைக்கு ஓர் எண் கொடுத்து, அதைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்ட துறை இது. இந்த அடக்கம் எனக்குப் பெரிய அறமாகப் படுகிறது.

நகரத் தட்பவெப்பத்தை ஆராய்கிறவர் அதே கூரையை வேறு விதமாக அறிகிறார். லண்டனில் மருந்து வேதிப்பொருள் தயாரித்துவந்த லூக் ஹோவர்ட், 1818-இல் அந்த நகரத்தின் தட்பவெப்பம் பற்றிய நூலை வெளியிடத் தொடங்கினார். நகருக்குள்ளும் நகருக்கு வெளியிலும் எடுத்த வெப்ப அளவுகளை ஒப்பிட்டு, இரவில் நகரம் ஏறத்தாழ 3.7 பாரன்ஹீட் டிகிரி கூடுதலாகச் சுடுகிறது என்று கண்டார். பகலெல்லாம் கல்லும் செங்கல்லும் குடித்த வெயிலை இரவில் மெல்ல வெளியே விடுகின்றன. நெருங்கி நிற்கும் சுவர்கள் அது வானுக்குப் போகும் வழியை மறிக்கின்றன. நீர் ஆவியாகிக் குளிர்விக்க மரமும் மண்ணும் குறைவு. இதை இன்று நகர வெப்பத் தீவு என்கிறோம். இந்தத் தீவை ஒருவரும் நேராகக் கண்டதில்லை. ஓரிடத்து வெப்பத்திலிருந்து இன்னோர் இடத்து வெப்பத்தைக் கழித்தால் மிஞ்சுவதே அது. இரண்டிடத்தையும் ஒப்பிடாமல் இந்த அறிவு பிறக்காது.

சட்டம் படிப்பவர் வருகிறார். அந்தக் குடும்பம் வெக்கையில் படும் பாட்டை வீட்டுக்குள் புகுந்து படம் எடுத்துப் பத்திரிகையில் போடலாமா என்று கேட்கிறார். நக்கீரன் இதழ் மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிட முனைந்ததை ஒட்டி எழுந்த ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் வரம்பு கட்டியது. வெளியாகும் முன்பே எழுத்தைத் தடுக்க அரசு அதிகாரிகளுக்கு உரிமை இல்லை. அதே சமயம், பொது ஆவணத்தில் உள்ளதைத் தவிர, ஒருவரின் குடும்ப வாழ்வை அவர் சம்மதமின்றி வெளியிட மற்றவருக்கும் உரிமை இல்லை. இந்த அறிவு எந்த எந்திரத்திலும் அளந்து வந்ததன்று. அரசியலமைப்பு என்ற சொல்லும், அதற்கு முன்னோர் செய்த உரையும், அந்த உரைக்கு எழுந்த உரையுமே இதற்கு ஆதாரம். 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று தீர்ப்பானபோது உலகத்தில் ஒரு பொருளும் மாறவில்லை. ஆனால் இணையத்தில் எழுதியதற்காக அந்தப் பிரிவில் சிறைக்கு அஞ்சியவர்களுக்கு எல்லாமே மாறியது. உரை அளவையின் வலிமை அது.

ஆக, கருதலால் ஒருவர், ஒப்பினால் ஒருவர், உரையால் ஒருவர். அப்படியானால் காண்டல் எங்கே?

காண்டலைக் காட்சி என்றும் சொல்வார்கள். சித்தியார் அந்தக் காட்சியை நான்காகப் பகுக்கிறது. அவற்றுள் ஒன்று தன்வேதனைக் காட்சி: உயிர் தனக்கு நேரும் இன்ப துன்பத்தைத் தானே நுகர்ந்து அறிவது. அந்த அறிவு கூரைக்குக் கீழே படுத்திருப்பவளிடம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் கோடையில் அந்தி சாயும் நேரத்தில் மொட்டைமாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவோம். அப்படியும் இரவில் விசிறி கொதிக்கும் காற்றைத்தான் இறக்கும். பிள்ளை தூங்காமல் அழுதால் தாய்க்குத் தெரிவது எந்த ஆய்வேட்டிலும் வராது. ஆனால் அவளுக்கும் எல்லை உண்டு. கூரை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதும், ஊருக்கு வெளியே இதே இரவு குளிர்ந்திருக்கிறது என்பதும், வாசலில் கேமராவோடு நிற்பவரை மறுக்கத் தனக்கு உரிமை உண்டு என்பதும் வேதனையால் மட்டும் தெரிய வராது.

சித்தாந்தம் நம் அறிவைச் சுட்டறிவு என்கிறது. இது என்று ஒன்றைச் சுட்டினால்தான் அது தெரியும்; சுட்டிய கணத்தில் மற்றது மறையும். எல்லாவற்றையும் ஒருங்கே அறியும் முற்றறிவு சிவனுக்கே உரியது. இதை நான் பாடமாகச் சொன்னேன். இப்போது நம்பிக்கையாகவே சொல்கிறேன். சுட்டல்களை எத்தனை சேர்த்தாலும் அவை முற்றறிவு ஆகா. ஆராய்ச்சிகளின் பன்மை என்றாவது தீர்ந்துபோகும் குறை அன்று, உயிரின் இயல்பு. அதனால் அவை பொய் என்று தள்ளவும் சித்தாந்தம் விடாது. உலகம் உள்பொருள். கூரை மெய், அதன் சூடு மெய், அதன் கீழ் வாழ்பவளின் மானமும் மெய்.

உயிரைப் பிணித்திருப்பதாகச் சித்தாந்தம் சொல்லும் ஆணவ மலத்தின் வேலை நம் சிறுமையை நமக்குத் தெரியாமல் மறைப்பது. தன் அளவையே முழு அளவை என்று நினைக்கும் துறைக்கும் அந்த மலம் உண்டு. கூரை பலமாக இருக்கிறது, இனி என்ன என்கிற பொறியியலுக்கும், வெப்பத்தைக் கண்டேன், படத்தைப் போடு என்கிற அக்கறைக்கும், உரிமை காக்கப்பட்டது, வழக்கு முடிந்தது என்கிற சட்டத்துக்கும் அது பொது.

ஆகவே அந்த மாணவர்களிடம் நான் கேட்பது இரண்டு. ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே, இதை எந்த அளவையால் அறிந்தேன், அது எங்கே நின்றுவிடுகிறது என்று எழுதுங்கள். எந்த உயிரின் வேதனையைப் பற்றி ஆராய்கிறீர்களோ அந்த உயிரின் சாட்சியத்தை உங்கள் அளவைகளோடு சம மரியாதையில் வையுங்கள். முற்றறிவு வரும்வரை காத்திருந்து வீடு கட்ட முடியாது, தீர்ப்பும் சொல்ல முடியாது. குறையறிவோடுதான் செய்தாக வேண்டும். அந்தக் குறையை அறிந்து, ஒப்புக்கொண்டு, அடுத்தவர் அறிந்ததைக் கேட்டுச் செய்வதை நான் சைவம் சொல்லும் சரியை, கிரியை என்ற வழிபாட்டு நெறிகளுக்குக் குறையாத வழிபாடாகவே கருதுகிறேன்.