பதவி போன பிறகு பேசும் வாய்

2017 பிப்ரவரி 7 இரவு, மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தின் முன் சுமார் 40 நிமிடம் கண்மூடி உட்கார்ந்திருந்த ஓ. பன்னீர்செல்வம், எழுந்து வந்து மைக்குகள் முன் நின்றார். என்னைக் கட்டாயப்படுத்தித்தான் முதல்வர் பதவியை ராஜினாமா செய்ய வைத்தார்கள் என்றார். கடிதம் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதிர்ந்து பேசாதவர் என்று பெயரெடுத்தவர் வாய் திறந்ததும் ஊரெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டது. எம்.எல்.ஏ.க்களின் செல்பேசி எண்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. அவர் பக்கம் போங்கள் என்று தொகுதிக்காரர்கள் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

விருதுநகர் மாவட்டம் அப்போது இரண்டாகப் பிரிந்து நின்றது. சிவகாசி பக்கம் விளாம்பட்டியில் பிறந்து, 2011இல் விருதுநகர் எம்.எல்.ஏ. ஆன மாஃபா பாண்டியராஜன், பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தவர், நாலே நாளில் பன்னீர்செல்வம் வீட்டுக்கு வந்துவிட்டார். சிவகாசி எம்.எல்.ஏ.வாகவும் அமைச்சராகவும் இருந்த ராஜேந்திரபாலாஜி வரவில்லை. பிப்ரவரி 18 அன்று சட்டசபை நம்பிக்கை வாக்கெடுப்பில் புதிய முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு 122 ஓட்டு, எதிராக 11. அவ்வளவு பெரிய கைதட்டலுக்குக் கிடைத்தது அந்தப் பதினொன்றுதான்.

எண்ணிக்கை கிடக்கட்டும். நாற்காலியில் இருந்தவரை பேசாதவர், நாற்காலி போனதும் பேசினால் அந்த உண்மைக்கு என்ன மரியாதை கொடுப்பது? அன்றைக்கு ஜனங்கள் இரண்டே பதில்தான் வைத்திருந்தார்கள். ஒன்று, 'இப்பவாவது சொன்னாரே!' மற்றது, 'பதவி போனதும் ஞானம் வந்துருச்சாக்கும்!' முதலாவது, சொன்னது உண்மை என்பதற்காகச் சொன்னவருக்கு மாலை போடுகிறது. இரண்டாவது, சொன்னவரைப் பிடிக்காததால் சொன்னதையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறது. இரண்டிலுமே சொல்லப்பட்ட விஷயத்தை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

நேரம் தவறிய உண்மைக்கு என்ன விலை என்று சிவகாசிப் பட்டாசு ஆலை வட்டாரத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும். உள்ளே அறை அறையாக உள்குத்தகைக்குப் போயிருக்கும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக ஆள் இருக்கும். தீபாவளி ஆர்டர் நெருக்கினால் மரத்தடியில் வைத்தும் மருந்து செலுத்துவார்கள். ஃபோர்மேனுக்கு இது தெரியும், பக்கத்து ஆலைக்காரருக்குத் தெரியும், டீக்கடைக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் சுமார் 40 பேர் செத்த பிறகும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் போன பிறகும் எல்லோரும் மனம்விட்டுப் பேசினார்கள். முந்தின நாள் ஒரு ஃபோர்மேன் 'இந்த அறையில ஆள் கூட, நான் வேலையை நிறுத்துறேன்' என்றிருந்தால் அவர் வேலை போயிருக்கலாம். மறுநாள் அதையே விசாரணை அதிகாரியிடம் சொல்ல அவருக்குச் செலவு குறைவு. கேட்பவருக்குப் பிரயோசனமும் குறைவு. பேசும் துணிச்சலை அளக்க வேண்டுமென்றால், பேசியதால் அவருக்கு என்ன போயிற்று என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்காக ஃபோர்மேன் வாக்குமூலத்தை யாராவது தூக்கி எறிவார்களா? வழக்கே அதில்தான் நிற்கும். நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் ஜனங்களைவிட நிதானம். தீக்காய வார்டில் மாஜிஸ்திரேட் எழுதி வாங்கும் மரண வாக்குமூலத்தைக் குறுக்கு விசாரணை இல்லாமலே சான்றாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. சாகப் போகிறவருக்குப் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அதன் கணக்கு. கூட்டுக் குற்றவாளியாக இருந்து அப்ரூவர் ஆனவர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளும். ஆனால் வேறு சான்று அதைத் தாங்கிப் பிடிக்கிறதா என்று தேடும், ஏனென்றால் அவருக்குச் சொந்த லாபம் இருக்கிறது. டிவியில் வெளிப்படையாகப் பேசும் முன்னாள் தலைவரைப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரிசையில்தான் உட்கார வைக்க வேண்டும். நாம் அவரை மரணப் படுக்கையில் கிடப்பவர்போல நம்பிவிடுகிறோம்.

பன்னீர்செல்வத்தின் பேச்சுக்கு அந்தச் சோதனை நிஜமாகவே வந்தது. ஜெயலலிதா மரணம் குறித்து விசாரணை வேண்டும் என்பது அவர் 'தர்மயுத்தத்தின்' பெரிய கோரிக்கை. 2017 ஆகஸ்ட் 21 அன்று அணிகள் இணைந்தன, அவர் துணை முதல்வரானார், செப்டம்பரில் அந்த மரணத்தை விசாரிக்க ஆறுமுகசாமி ஆணையம் வந்தது. அவருக்குப் பலமுறை சம்மன் போனது. நடுவில் உச்ச நீதிமன்றத் தடையும் குறுக்கிட்டது. கடைசியில் 2022 மார்ச் 21, 22 தேதிகளில் ஆஜராகி, பல கேள்விகளுக்குத் தெரியாது என்றார். தனக்குத் தனிப்பட்ட சந்தேகம் இல்லை, மக்களின் சந்தேகம் தீரவே விசாரணை கேட்டதாகவும் சொன்னார். நியாயமாகச் சொன்னால், கட்டாயப்படுத்தப்பட்டேன் என்று மெரினாவில் சொன்னதிலிருந்து அவர் பின்வாங்கியதாகாது. அது வேறு, மரணம் பற்றிய ஐயம் வேறு. ஆனாலும் கேமரா முன் அவ்வளவு கனத்தோடு நின்ற ஒரு கோரிக்கை, சத்தியம் செய்து சொல்லும் இடத்தில் எவ்வளவு மெலிந்துவிட்டது! மெரினாப் பேச்சை டிவியில் பார்த்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இந்த இரண்டு நாள் சாட்சியத்தைப் படித்திருக்குமா என்பது சந்தேகமே.

அமெரிக்கர்கள் இதில் கொஞ்சம் கறார். பதவி விலகிய அதிபர் நிக்சன் 1977இல் டேவிட் ஃபிராஸ்டுக்கு டிவி பேட்டி கொடுத்தார், 6 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு. மக்களைக் கைவிட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். பிறகு எடுத்த கருத்துக் கணிப்பில், அவர் இன்னும் எதையோ மறைக்கிறார் என்றவர்களே அதிகம். பேட்டியை விரும்பிப் பார்த்தார்கள், நற்சான்று மட்டும் கொடுக்கவில்லை.

இங்கே இப்படிப் பேச்சு வந்தால் விருதுநகர்க்காரர்கள் உடனே காமராஜரை இழுப்பார்கள். 1967இல் சொந்த ஊரில் 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றவர், உட்கார்ந்து புலம்பினாரா என்பார்கள். இந்த ஒப்பீடு சரியில்லை. சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. காமராஜர் மறைந்தது அதே ஆண்டு அக்டோபர் 2. கேமராவின் ஆசையே காட்டப்படாத ஒருவரின் மௌனத்தை வைத்து இன்றைக்கு ஒருவரை அளக்க முடியாது. தவிர, ஊரைப் பாதிக்கும் விஷயம் தெரிந்திருந்தும் கடைசிவரை வாயே திறக்காமல் போகிறவர், பிந்திப் பேசியவரைவிட எந்த வகையிலும் மேலானவர் இல்லை.

ஆகவே பிந்திய உண்மையை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வாங்குகிறவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் நாம் செய்வதில்லை. 2017 செப்டம்பரில் திண்டுக்கல் சீனிவாசன், மதுரைக் கூட்டத்தில், ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்றார். அமைச்சராக இருந்துகொண்டே சொன்னார் என்பதைக் கணக்கில் வைக்கலாம். ஊர் என்ன செய்தது? சிரித்தது. மீம்ஸ் போட்டது. இட்லிக் கடையில் நின்றாலே ஒரு ஜோக் வந்தது. யார் அப்படிச் சொல்லச் சொன்னார்கள், எத்தனை பேர் தெரிந்தே சொன்னார்கள் என்ற கேள்விகள் அந்தச் சிரிப்புக்குள் அமுங்கிப் போயின. அவர் அமைச்சராகவே தொடர்ந்தார், 2021இல் மறுபடி ஜெயித்தும் வந்தார்.