சிவகாசியில் வெளுக்கும் சாமிகள்

செட்டியார்பட்டியில் ஒரு கிறிஸ்தவர் வீட்டுக்குள் போனால் தினசரிக் காலண்டர் அட்டையில் ஏசு இருப்பார்: பொன்னிறச் சுருள்முடி, நீலக் கண், ரோஜா நிறக் கன்னம். அச்சடித்தது ஐரோப்பாவில் இல்லை, பக்கத்துச் சிவகாசியில். அடித்த கைகளும் கறுத்த கைகள்தான்.

நான் கடவுளை நம்பாதவன். ஆனாலும் அந்த அட்டை முன்னால் முழந்தாளிடுவது எங்கள் ஊர்க் கறுத்த பிள்ளை என்பதால் கேட்கிறேன். கலிலேயா வெயிலில் தச்சு வேலை செய்த யூதருக்கு இந்த நிறம் எங்கிருந்து வந்தது? சிரியாவில் துரா யூரோப்பஸில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 235ஆம் ஆண்டுச் சுவரோவியத்தில் அவருக்குத் தாடியே இல்லை, முடியும் குட்டை. பிறகு மன்னர்கள் அந்த மதத்தை எடுத்துக்கொண்டார்கள், கூடவே முகத்தையும் மாற்றினார்கள். 1940இல் சிகாகோ ஓவியர் வார்னர் சால்மன் வரைந்த வெள்ளை ஏசு 50 கோடிப் பிரதிகள் அச்சானதாகச் சொல்வார்கள். ரோம ஆட்சி ஆணியடித்துக் கொன்ற ஏழைக்கு, கடைசியில் ஆளவந்தவர்களின் சாயல்!

முகத்தை விட்டுவிட்டு உடையை மட்டும் மாற்றினால் போதுமா? வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே கோணான்குப்பத்தில் மாதாவுக்குச் சேலை கட்டி, பெரியநாயகி என்று பெயரும் வைத்தார். நல்ல காரியம்தான். ஆனால் மாதாவுக்குச் சேலை கட்டிய இதே தமிழ் மண்ணில், வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதி பிரித்த சுவர் 1910 வரை நின்றது. தீண்டாமையைக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோன ஊர்களும் உண்டு.

இந்து வாசகர்கள் சிரிக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் உருகிய கண்ணன் கார்மேக நிறத்தவன். அதே சிவகாசி அச்சில் அவன் நீலமாகிவிடுகிறான், பக்கத்தில் நிற்கும் ராதை பால்வெள்ளை. அச்சகத்தில் கறுப்பு மைக்கா பஞ்சம்? கறுப்பாக அடித்தால் விற்காது என்பதுதான் சங்கதி. வாங்குகிறவர்கள் நாம்தான்.

பங்குச் சாமியார்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற டிசம்பரில் குடிலுக்குள் அந்த ரோஜா நிறப் பொம்மைக்குப் பதிலாக, நம் ஊர் பருத்திக்காட்டில் வேலை செய்கிறவள் பெற்ற பிள்ளையைப் போல, கன்னங்கரேல் என்று ஒரு குழந்தையைக் கிடத்துங்கள். யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பாருங்கள். மகனுக்குப் பெண் பார்க்கும்போது "பொண்ணு செவப்பா இருக்கணும்" என்று தரகரிடம் சொன்னவர்களும் அவர்களும் ஒரே ஆட்களா என்று, பூசை முடிந்ததும் அவர்களிடமே கேளுங்கள்.